பிசினக்கா எழுதிய சீட்டு

பெருமை பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். நினைத்தாலும் பரவாயில்லை, உண்மை அதுதான். எங்கள் அருங்காட்சியகத்தில் உடைந்த பூச்சியை ஒட்ட என்னை விட்டால் ஆள் கிடையாது. பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் ஒட்டு தெரியாது. அதனால்தான் எனக்குப் பிசினக்கா என்று பட்டப்பெயர்.

இந்த வருடம் பூ ஈக்களை வகை பிரிக்க ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். மருந்து எழுதும் டாக்டர் இல்லை, ஈ டாக்டர். தேனீ மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு, பூவுக்கு மேலே அந்தரத்தில் அசையாமல் நிற்குமே, அந்த ஈ. ஒரே பெயரில் கிடந்த அறுநூறு ஈக்களை அவர் இரண்டு இனமாகப் பிரித்தார். கண்ணில் மயிர் உள்ளவற்றுக்குப் பின்னங்கால் தொடை ஒல்லி. கண் வழுக்கையாக இருப்பவற்றுக்குத் தொடை பருமன். கட்டுரைக்குப் படம் வரைவது என் வேலை.

ஒரே ஒரு ஈ மட்டும் இரண்டிலும் சேரவில்லை. அதற்குக் கண்ணில் மயிரும் இருந்தது, தொடையும் பருத்திருந்தது.

"பிசினக்கா, இது புது இனம். உங்க பேரையே வைக்கப் போறேன்," என்றார் டாக்டரம்மா. "இருபது வருஷமா இதுங்களக் காப்பாத்தினது நீங்கதானே."

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுநர். அவரிடம் சொன்னதுதான் தாமதம், மறுநாளே கடைசி நிறுத்தம் வரை செய்தி போய்விட்டது. நாத்தனார் போன் போட்டு, "ஈயா? ஏன் அண்ணி, மயிலு கியிலு ஒண்ணும் கிடைக்கலயா?" என்று கேட்டாள்.

கட்டுரை அனுப்ப இரண்டு நாள் இருந்தபோது அந்த ஈயின் கழுத்தை வரைய உட்கார்ந்தேன். விளக்கைப் பக்கவாட்டில் திருப்பியதும் மைக்ராஸ்கோப்பில் ஒரு மினுக்கம் தெரிந்தது. வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள். அது என் பிசின்.

பதினோரு வருடம் முன்பு ஒரு பெட்டி கைதவறி விழுந்து இரண்டு ஈக்களின் தலை கழன்றது. எது எதன் தலை என்று எனக்கு அப்போது சந்தேகமே வரவில்லை, எல்லாம் ஒரே இனம் என்றுதானே நினைத்திருந்தோம். ஒட்டியதை, ஈயைக் குத்தி வைத்திருக்கும் ஊசியில் ஒரு சீட்டாக எழுதிச் செருகவும் இல்லை. என் ஒட்டுதான் யாருக்கும் தெரியாதே, எதற்கு எழுத வேண்டும் என்ற திமிர்.

அந்த இன்னொரு ஈயைத் தேடி எடுத்தேன். வழுக்கைக் கண், ஒல்லித் தொடை. மயிர் உதிர்ந்திருக்கும் என்று டாக்டரம்மா அதை ஒதுக்கி வைத்திருந்தார்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என் ஒட்டைக் கண்டுபிடிக்க இன்னொரு பிசினக்கா பிறந்துதான் வர வேண்டும். ஆனால் தலை மாறிய ஈக்கு என் பெயரா? நினைக்கவே கூசியது.

"டாக்டரம்மா, இது புது இனம் இல்ல. தலை வேற ஈயோடது. மாத்தி ஒட்டினது நான்தான்."

அவர் வெகுநேரம் உற்றுப் பார்த்தார். "ஒட்டே தெரியலயேக்கா. நிஜமாவா சொல்றீங்க?"

"தெரியாது. அதான் பிரச்சினையே."

அவர் கண்ணெதிரிலேயே தூரிகையால் வெந்நீர் தொட்டு வைத்தேன். கால்மணி நேரத்தில் இரண்டு தலைகளும் கழன்றன. மாற்றி வைத்ததும் அச்சாகப் பொருந்தின. அறுநூறு ஈக்களில் இப்போது எந்த இனத்திலும் சேராதது ஒன்றுகூட இல்லை.

டாக்டரம்மா கட்டுரையில் மூன்று பக்கத்தை அடித்து நீக்கினார். பெருமூச்சு விட்டார், பிறகு சிரித்தார். "நான் பிரிச்சது சரின்னு இப்பதான் உறுதியாச்சு. ஆனா உங்க பேரு போச்சேக்கா."

"அது எங்க போகும்?" என்றேன்.

ஊசியில் குத்திய சீட்டை எங்கள் தொழிலில் யாரும் கழற்ற மாட்டார்கள். நூறு வருடம் கழித்து அந்த ஈயை எடுப்பவரும் அதைப் படித்தாக வேண்டும். நான் இரண்டு சின்னச் சீட்டு வெட்டி, 'தலை மாற்றி ஒட்டப்பட்டது, பின்னர் திருத்தப்பட்டது. இரண்டையும் செய்தது' என்று எழுதி, கீழே என் முழுப்பெயரைப் போட்டேன். என் கையெழுத்து அவ்வளவு அழகாக ஒருநாளும் வந்ததில்லை.

சாயங்காலம் வீட்டுக்காரர் கேட்டார். "என்ன, ஈக்குப் பேரு வச்சாச்சா?"

"எம் பேரு இப்ப ரெண்டு ஈயோட ஊசியில இருக்கு. எதுக்குன்னு முழுசாக் கேட்டுட்டு அப்புறம் பஸ்ல சொல்லுங்க."

முழுவதையும் கேட்டார். மறுநாள் கடைசி நிறுத்தம் வரை சொல்லியும் இருக்கிறார், நான் செய்த தப்பையும் சேர்த்து, முன்னைவிடச் சத்தமாக.