வருத்தக்காரருக்கு மட்டும்

"பிள்ளை குறுக்காக் கிடக்குது. இஞ்சை வைச்சு என்னால ஒண்டும் செய்ய ஏலாது. இப்பவே ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேணும்."

மருத்துவிச்சி இரஞ்சிதம் அறை வாசலில் நின்று இதைச் சொன்னபோது தம்பிஐயா விறாந்தைக் கதிரையை விட்டு எழும்பவில்லை. அவருடைய வேட்டி மடியில் மோட்டார் படகான லோஞ்சின் திறப்புச் சாவி இருந்தது. உள்ளே மருமகள் மனோகரி பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். அவளுக்கு அது தலைப்பிரசவம்.

"முந்தியே சொன்னனான் ஐயா. மாதம் ஏற முன்னம் ஊர்காவற்றுறையில ஆரும் சொந்தக்காரர் வீட்டில கொண்டுபோய் விடுங்கோ எண்டு."

"சொன்னனீர்தான். இந்த ஊரில எத்தினை பொம்பிளையள் வீட்டில பெத்தவை."

"எத்தினை பேர் செத்தவை எண்டும் எண்ணினனீங்களோ?"

தம்பிஐயா குனிந்து மடியைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

அந்த லோஞ்ச் நெடுந்தீவுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கொழும்பு புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் ஆழ்வாப்பிள்ளை கொம்பனி அதைக் கொடுத்திருந்தது. கடையைத் தொடங்கிய ஆழ்வாப்பிள்ளை இந்தத் தீவில் பிறந்தவர். அவர் கண் மூடியபின் பிள்ளைகள் பிறந்த மண்ணுக்கு ஏதாவது செய்ய விரும்பினார்கள். பள்ளிக்கூடத்துக்குக் கொப்பிகள், கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு உபகாரப் பணம், கடல் கடந்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்களுக்கு ஒரு லோஞ்ச். படகின் பக்கத்தில் 'ஆழ்வாப்பிள்ளை ஞாபகார்த்த நோயாளர் சேவை' என்று நீலத்தில் எழுதியிருந்தது. அதை நடத்துவதற்குக் கோயில் கொமிற்றியைவிட நம்பிக்கையானவர்கள் கொம்பனிக்குக் கிடைக்கவில்லை. தம்பிஐயா கொமிற்றியின் செயலாளர்.

திறப்புவிழா அன்று கோயிலின் எழுந்தருளி விக்கிரகத்தை லோஞ்சில் வைத்துக் கரையோரமாக ஒருமுறை வலம் கொண்டுவந்தார்கள். பிரச்சினை அங்கேதான் தொடங்கியது. சாமி ஏறின லோஞ்சில் துடக்குத் தீட்டு ஏறக் கூடாது என்று அடுத்த கூட்டத்தில் ஒருவர் சொன்னார். மறுத்துப் பேச ஒருவருக்கும் வாய் வரவில்லை. காய்ச்சல்காரர், பாம்பு கடித்தவர், பனையால் விழுந்தவர் என்று வருத்தக்காரரான நோயாளிகள் எல்லாரும் ஏறலாம். பிரசவத்துக்குப் போகிறவள் ஏறக் கூடாது. செத்தவரைத் திருப்பிக் கொண்டுவரவும் கூடாது.

"அவள் வருத்தக்காரியில்லை மிஸ்ஸி," என்றார் தம்பிஐயா மருத்துவிச்சியிடம். "பிள்ளை பெறுறது ஒரு வருத்தமே? லோஞ்ச் வருத்தக்காரருக்கு."

"இண்டைக்குள்ள அவளைக் கொண்டுபோகாட்டில் அது வருத்தமில்லைத்தான் ஐயா, அதுக்குப் பேர் சாவு."

குசினிப் பக்கமிருந்து தம்பிஐயாவின் மனைவி அம்பிகை வந்தாள். முப்பது வருடக் குடித்தனத்தில் அவள் கணவனை எதிர்த்துப் பேசியதை அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

"இஞ்சாருங்கோ, வயித்துக்குத்து எண்டு சொல்லி ஏத்துங்கோவன். ஆர் பாக்கப் போகினம்?"

"விசர்க் கதை கதையாதை. அவளின்ர வயிறு ஊருக்கே தெரியும்."

"தெரிஞ்சால் தெரியட்டும்."

"ஏரம்புவுக்கு நான் என்ன சொல்லுறது? ஐப்பசியில அவன் இந்த முத்தத்தில நிண்டு கும்பிட்டவன். ஏலாது எண்டு சொன்னனான். இண்டைக்கு என்ர மருமகள் எண்டவுடன ஏலுமோ?"

அதுதான் உண்மை. ஏரம்பு அவருடைய வயலில் கூலிக்கு நிற்பவன். பிரசவ வலியில் துடித்த அவன் மனைவி இராசமணியைப் பாய்வள்ளத்தில் கொண்டுபோனார்கள். அவள் பிழைத்தாள், பிள்ளை பிழைக்கவில்லை. இன்று திறப்பைக் கொடுத்தால் அன்று கொடுக்காதது பிழை என்றாகிவிடும். தம்பிஐயாவுக்குச் சாமியைவிட அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது.

படலையடியில் மாட்டுவண்டில் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் ஏரம்பு. இரஞ்சிதம்தான் ஆள் அனுப்பியிருக்க வேண்டும். அவனோடு லோஞ்ச் ஓட்டும் கத்தோலிக்கரான பஸ்ரியாம்பிள்ளையும் இறங்கினார்.

"ஐயா," என்றான் ஏரம்பு. "என்னை நினைச்சு மறிக்காதையுங்கோ. திறப்பைக் குடுங்கோ."

தம்பிஐயா அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"கழுவித் துடைக்கிறது என்ர வேலை ஐயா," என்றார் பஸ்ரியாம்பிள்ளை. "ஒரு வாளி தண்ணியோட போற காரியம்."

"உம்மட சமயத்தில அப்பிடி. எங்கட சமயம் அப்பிடியில்லை."

"சரி, அப்ப என்ர வள்ளம் கிடக்கு. அதிலை ஒரு சாமியும் ஏறேல்லை. மீன்தான் ஏறினது."

இரஞ்சிதத்துக்குச் சிரிப்பு வரவில்லை. "பாய் விரிச்சுப் போய்ச் சேரக் காத்து வேணுமே அண்ணை. பங்குனியில காத்தை எங்க தேடுறது?"

தம்பிஐயா எழும்பினார். சால்வையைத் தோளில் போட்டார். "நான் கொழும்போட கதைச்சுப்போட்டு வாறன். லோஞ்ச் அவையின்ர. அவை ஓம் எண்டால் எனக்கென்ன."

யாராவது கட்டளையிட வேண்டும் என்று அவர் விரும்பினார். கட்டளை வந்தால் திறப்பைக் கொடுத்துவிடலாம், பழி அவருடையதாக இராது. தபால் கந்தோரில் ரெலிபோன் தொடுப்புக் கிடைக்கக் காத்திருந்தார். ஒருமுறை கிடைத்து அறுந்தது. வெயில் ஏறிய பிறகு கொம்பனி மனேச்சர் பாலசிங்கத்தின் குரல் தூரத்தில் கேட்டது.

"அண்ணை, லோஞ்சைத் தந்ததோட எங்கட பங்கு முடிஞ்சுது. ஊர் வழக்கத்தில கொம்பனி தலையிடாது. அது எங்கட கொள்கை. நீங்கள் பாத்துச் செய்யுங்கோ."

"இல்லைத் தம்பி, நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால்..."

"கொமிற்றியில எங்களுக்குப் பூரண நம்பிக்கை அண்ணை."

அவர் வீட்டுக்குத் திரும்பியபோது வீடு வெறுமையாகக் கிடந்தது. கட்டிலில் பாய் இல்லை. இறங்குதுறைக்கு நடந்தார், பிறகு ஓடினார். பஸ்ரியாம்பிள்ளையின் வள்ளம் தூரத்தில் நின்றது. பாய் தொங்கிக் கிடந்தது. இரண்டு பேர் தண்டு வலிப்பது தெரிந்தது. அம்பிகை குடை பிடித்திருந்தாள். லோஞ்ச் கட்டிய இடத்தில் அசையாமல் நின்றது. இப்போது எடுத்தாலும் வள்ளத்தைப் பிடித்துவிடலாம். தம்பிஐயாவின் கையில் திறப்பு இருந்தது. ஓட்டத் தெரிந்த மனிதன் வள்ளத்தில் தண்டு வலித்துக்கொண்டிருந்தான்.

மனோகரியை டாக்டர்கள் காப்பாற்றினார்கள். பிள்ளை ஆண். உயிரில்லாமல்தான் வெளியே வந்தது. கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால் என்று ஒரு தாதி சொல்லத் தொடங்கி, அம்பிகையின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். கொழும்பில் கொம்பனிக் கடையில் கணக்கெழுதும் மனோகரியின் கணவன் இராசநாயகம் நான்கு நாள் லீவில் வந்தான். தகப்பனோடு ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனான்.

சித்திரை பிறந்து சில நாளில் பாலசிங்கம் தீவுக்கு வந்தார். லோஞ்சின் முதலாவது ஆண்டு நிறைவுக்குப் பத்திரிகையில் ஒரு முழுப்பக்கம் போடக் கொம்பனி தீர்மானித்திருந்தது. கூடவே ஒரு படப்பிடிப்பாளர். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, புதுக் கொப்பிகளைத் தலைக்கு மேல் பிடிக்கச் சொல்லி எடுத்தார்கள். வெயிலில் கண் கூசியவர்களை இன்னொருமுறை சிரிக்கச் சொன்னார்கள். இனி லோஞ்சில் ஒரு பயனாளி வேண்டும்.

"ஒரு தாய் எண்டால் நல்லாயிருக்கும்," என்றார் பாலசிங்கம். "தாய் எண்டால் சனம் பாக்கும்."

தம்பிஐயா அவரை வீட்டுக்கு அழைத்து வந்தார். வழியில் அவர் என்ன நினைத்தார் என்று சொல்வது கடினம். தன் வீட்டுப் பெண் அந்த லோஞ்சில் இருக்கும் படம் ஒன்று வந்துவிட்டால் நடந்தது நடக்காததுபோல் ஆகிவிடும் என்று நினைத்திருக்கலாம்.

மனோகரி அறைக்கு வெளியே வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மெலிந்திருந்தாள்.

"தங்கச்சி, கனநேரம் எடுக்காது," என்றார் பாலசிங்கம். "லோஞ்சில சும்மா இருந்தால் போதும். மிச்சத்தை நாங்கள் பாப்பம்."

"என்னை அதிலை ஏத்தேல்லையே."

"அது தெரியும். ஏத்தினது எண்டு ஒரு இடமும் எழுத மாட்டம். படத்தை மட்டும் போடுவம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "உம்மட அவரைப் பற்றியும் முதலாளியோட கதைச்சிருக்கிறன். கடையில பொறுப்பான ஆள். மேல போக வேண்டிய ஆள்" என்றார்.

மனோகரிக்கு அதன் அர்த்தம் விளங்கியது. கணவனின் சம்பளத்தில்தான் இந்த வீட்டு அடுப்பு எரிந்தது.

"எனக்குத் துடக்கு இன்னும் கழியேல்லை. முப்பத்தொண்டாம் நாள் வர இன்னும் கிடக்கு."

பாலசிங்கம் தம்பிஐயாவைத் திரும்பிப் பார்த்தார். தம்பிஐயா அவசரமாகச் சொன்னார்: "அது பாதகமில்லைப் பிள்ளை. பிறகு ஐயரைக் கூப்பிட்டுத் தண்ணி தெளிச்சு விடலாம். சின்ன வேலை."

சொல்லி முடித்த பிறகுதான் அவர் சொன்னது அவருக்கே கேட்டது.

மனோகரி தலையை நிமிர்த்தினாள். குரல் உயரவில்லை.

"அப்ப அண்டைக்கும் தெளிச்சிருக்கலாம்தானே, மாமா."

குசினியிலிருந்து தேநீர்த் தட்டோடு வந்த அம்பிகை விறாந்தைப் படியில் நின்றுவிட்டாள். விருந்தாளியைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள். பிறகு ஒரு கோப்பையும் கொடுக்காமல் தட்டோடு உள்ளே திரும்பினாள். மனோகரியும் அறைக்குள் போனாள். கதவு சாத்தப்பட்டது.

"என்னண்ணை சொல்லுறா?" என்று பாலசிங்கம் கேட்டார். தம்பிஐயா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

இறங்குதுறையில் லோஞ்ச் புது வர்ணத்தோடு நின்றது. விஷயம் ஊரில் பரவிவிட்டிருந்தது. படத்துக்கு இருக்க ஒரு பெண்ணும் வரவில்லை. ஆண்களும் வேலை இருப்பதாகச் சொல்லி நழுவினார்கள். மாலைப் படகு புறப்படுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும் என்று படப்பிடிப்பாளர் முணுமுணுத்தார். கடைசியில் பாலசிங்கமே ஒரு வழி சொன்னார். அதற்குத் தம்பிஐயா மறுப்புச் சொல்லவில்லை. சால்வையை மடித்து வைத்துவிட்டு, லோஞ்சின் நடுவில் விரித்திருந்த வெள்ளைத் துணியில் மல்லாந்து படுத்தார். கழுத்துவரை போர்வை இழுத்து விட்டார்கள். பஸ்ரியாம்பிள்ளையைச் சுக்கானடியில் நிற்கச் சொன்னார்கள். அவர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, கண்ணை மூடுங்கோ. ஓம், அப்பிடித்தான். அசையாதையுங்கோ."

படப்பிடிப்பாளர் மூன்று படம் எடுத்தார். பிறகு பெட்டியை மூடிக்கொண்டு, பத்திரிகைக்காரர் கேட்பார்களே என்ற நினைவில் கேட்டார்:

"படத்துக்குக் கீழ என்ன வருத்தமெண்டு போடுறது ஐயா?"

தம்பிஐயா கண்ணைத் திறக்கவில்லை.