பின் தாழ்வாரத்துப் பெண்கள்

ஆகஸ்ட் மாத அலபாமாவில் கதவைத் திறந்தால் முகத்தில் யாரோ ஈரத்துணியைப் போட்டு அமுக்கின மாதிரி இருக்கும். அந்தப் புழுக்கத்தில்தான் கல்லூரிப் பெண்கள் ஒரே வீட்டில் சேர்ந்து வசிக்கும் சங்கங்கள் ஆள் எடுக்கும் வாரத்தை வைக்கும். கல்லூரிக்குப் புதிதாக வந்த பெண்கள், பூசின மை வழியாமலிருக்கக் கையில் சின்ன விசிறியோடு வீடு வீடாக ஏறி இறங்குவார்கள். எல்லாம் பெண் பார்க்கும் கதைதான். என்ன, பார்க்கிறவர்களும் பெண்கள். பஜ்ஜி கிடையாது, ஐஸ் போட்ட தண்ணீர் ஒரு கிளாஸ். அதையும் யாரும் குடிப்பதில்லை, உதட்டுச் சாயம் போய்விடும்.

ரெனி ஹோல்கம் வெள்ளைத் தூண் வீட்டுச் சங்கத்தில் சேர்ந்து ஒரு வருஷமாகியிருந்தது. அப்பா மரக்கட்டை ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். அம்மா முதியோர் இல்லத்தில் துணி வெளுக்கிறவள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் ரெனிதான். அவளுக்கு வக்கீல் ஆகவேண்டும். அந்த மாநிலத்தில் வக்கீல், நீதிபதி என்று யாரைத் தொட்டாலும் அவர் மனைவியோ மகளோ மருமகளோ இந்த வீட்டில் இருந்தவளாக இருப்பாள். ஒருத்தி போனை எடுத்து இன்னொருத்தியிடம் "நம்ம வீட்டுப் பொண்ணு" என்று சொன்னால் போதும், வேலை நடந்துவிடும். வெளியே நிற்கிறவள் கடைசிவரை வெளியேதான். இது புரிந்த நாளிலிருந்து ரெனி வாயைக் கட்டிப்போட்டிருந்தாள்.

வந்தவர்களிடம் ஐந்து விஷயம் பேசக்கூடாது என்பது அங்கே வழக்கம்: ஆண்பிள்ளை, குடி, கடவுள், காசு, கட்சி. "இந்த அஞ்சையும் எடுத்துட்டா எங்க வீட்டுச் சாப்பாட்டு மேஜையில உக்காந்து இருமத்தான் முடியும்" என்று சேர்ந்த புதிதில் ரெனி ஒரு தடவை சொன்னாள். ஒருத்தியும் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் அவளும் அப்படியெல்லாம் சொல்வதை விட்டுவிட்டாள். தன் ஊர்ப் பேச்சின் இழுவையைக்கூடக் கத்தரித்து எறிந்துவிட்டாள்.

இந்த வருஷம் ஆள் எடுக்கும் பொறுப்பு ஆன்ஸ்லியுடையது. பல்லில் வெளிச்சம் போட்ட மாதிரி சிரிப்பாள். யாரை எங்கே நிறுத்துவது, எத்தனை பேர் கழித்து யார் எழுவது, எல்லாம் அவள் ஏற்பாடுதான். கதவு திறந்ததும் வீட்டுப் பெண்கள் வாசலில் ஒருத்திமேல் ஒருத்தி ஏறி நின்று கைதட்டிப் பாடவேண்டும். பாட்டு முடிந்ததும் ஆளுக்கொரு விருந்தாளியின் கையைப் பிடித்துச் சொன்ன இடத்தில் உட்காரவைக்கவேண்டும். கொஞ்ச நேரத்தில் இடதுபக்கத்துக்காரி வந்து தோளைத் தொடுவாள். இவள் எழவேண்டும், அவள் உட்காரவேண்டும். இதையே ஒரு வாரம் ஒத்திகை பார்த்திருந்தார்கள். பேசினவள் மட்டும்தான் சாயங்காலம் மார்க் போடலாம். கேட்கிறவர்களுக்கு நியாயமாகத்தான் தெரியும்.

"ரெனி செல்லம், நீ பின் தாழ்வாரம்" என்றாள் ஆன்ஸ்லி. "உனக்குத்தான் யாரோட வேணும்னாலும் பேச வரும்."

ரெனி அன்றே அம்மாவுக்குப் போன் போட்டுப் பெருமையாகச் சொன்னாள். "தாழ்வாரம் முழுக்க என் பொறுப்பும்மா." அம்மாவும் இல்லத்தில் இருக்கிற கிழங்கள் எல்லாரிடமும் சொல்லித் தீர்த்துவிட்டாள்.

தாழ்வாரம் சமையல்கட்டை ஒட்டி இருந்தது. குளிர்சாதனக் காற்று அங்கே எட்டாது. அன்னாசிப்பழப் படம் போட்ட மஞ்சள் மெத்தையோடு ஒரு பிரம்பு சோபா, நாலு நாற்காலி, வெளியே போக ஒரு கதவு. இரண்டாம் சுற்று நாள் காலையில் ஆன்ஸ்லி அங்கே எட்டிப் பார்த்து, "உங்க பக்கம் வர்றவங்களுக்கு அஞ்சுக்கு ரெண்டு மார்க்குக்கு மேல போகாதீங்க, செல்லங்களா. போட்டோ பார்த்தே முடிவு பண்ணியாச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாள். ரெனிக்குப் பதில் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். ஒரு வருஷமாக விழுங்கிப் பழக்கம்தானே.

அன்று சாயங்காலம் கடைசியாக வந்த மூன்றாவது கூட்டத்தில் அவள் கைக்கு வந்தவள் ஜெஸமி கிராப்ட்ரீ. குட்டை முடி, பெரிய காது, தானே தைத்த பச்சைப் பாவாடை.

"உக்காரு. எந்த ஊர்?"

"கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க மேடம். ஒரு சர்ச்சு, ஒரு பெட்ரோல் பங்க். சர்ச்சுக்குப் போறவன் பூரா பங்குக்குப் பின்னாடிதான் குடிக்கிறான். அவ்வளவுதான் ஊரு."

கடவுளும் குடியும் ஒரே மூச்சில் போயிற்று. ரெனி அவசரமாக, "அழகான பாவாடை" என்றாள்.

"திரைச்சீலைத் துணி. கடையில வாங்கக் காசு ஏது? எங்க பெரியப்பாதான் மேயரு, அவருக்கு யாரும் ஓட்டுப் போட்டுறாதீங்கன்னு எங்கம்மாவே வீடு வீடாப் போய்ச் சொல்லிட்டு வந்துச்சு. அப்படியும் ஜெயிச்சுட்டாரு. என்னை விட்டுட்டு ஓடினானே ஒருத்தன், அவன்தான் இப்ப அவருக்குக் கார் ஓட்டுறான். ரெண்டும் நல்ல ஜோடி."

ஐந்தும் முடிந்தது. ரெனிக்கு அடக்க முடியவில்லை. மூக்கால் ஒரு சத்தம் போட்டுச் சிரித்துவிட்டாள். அந்த வீட்டுக்குள் அவள் சொந்தக் குரலில் சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஜெஸமி சுற்றிலும் பார்த்தாள். வெளிக்கதவைப் பார்த்தாள். சமையல்கட்டுக் குப்பைத் தொட்டியைப் பார்த்தாள்.

"நேத்து ஒரு வீட்டுல மாடிப்படிக்கு அடியில உக்கார வெச்சாங்க. இன்னொரு வீட்டுல கக்கூஸ் பக்கம். பரவால்ல, என்னை ஏன்னு எனக்குத் தெரியுது." குரலில் குத்தல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "உங்களை ஏன் மேடம் இங்க உக்கார வெச்சிருக்காங்க?"

"எனக்குத்தான் யாரோட வேணும்னாலும்..." என்று ஆரம்பித்தாள் ரெனி.

திரும்பித் தாழ்வாரத்தைப் பார்த்தாள். விருந்தாளிகளை அல்ல, விருந்தாளிகளோடு பேச உட்காரவைத்திருந்த தன் சங்கப் பெண்களை. உடம்பு பெருத்த பெத். கன்னமெல்லாம் பருவாக இருக்கும் டான்ஸி. அப்பா ஜெயிலுக்குப் போன கேரி. ஹோண்டுராஸிலிருந்து வந்து கூரை மாற்றுகிறவரின் மகள் மரிஸோல். லாரிக்காரர் மகள் ரெனி.

போன வருஷம் விருந்தாளியாக வந்தபோது அவள் உட்கார்ந்ததும் இதே அன்னாசிப்பழ மெத்தையில்தான். அந்த வருஷம் வீட்டுக்கு ஆள் பற்றவில்லை. அடியில் கிடந்ததையும் வழித்து எடுத்துக்கொண்டார்கள். எடுத்தபின் மறுபடி கொண்டுவந்து அடியிலேயே போட்டிருக்கிறார்கள். 'யாரோட வேணும்னாலும் பேச வரும்'. அதைப் போய் அம்மாவிடம் பெருமையாக வேறு சொல்லியிருக்கிறாள்!

காதுமடல் சுட்டது. எழுந்தாள்.

"எந்திரி."

"அதுக்குள்ள வெளிய போகணுமா?"

"உள்ள போகணும்."

ஜெஸமியின் கையைப் பிடித்துக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு கூடத்துக்குள் நுழைந்தாள். கூடம் குளுகுளு என்றிருந்தது. சங்கத்தை ஆரம்பித்த முத்துமாலைச் சீமாட்டியின் படத்துக்குக் கீழே நீல சோபா. அதில் ஆன்ஸ்லி, யாரோ ஒரு நீதிபதியின் மகளோடு உட்கார்ந்திருந்தாள். ரெனி நேரே போய் அதே சோபாவின் மறுகோடியில் ஜெஸமியை உட்காரவைத்துப் பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள்.

"ரெனி செல்லம்," ஆன்ஸ்லியின் பல்வரிசை அசையவில்லை, "உன் இடம் அங்க இல்லையா?"

"அங்க வேர்க்குது. இவளுக்கும் வேர்க்கும்ல?"

விருந்தாளிகள் உள்ளே இருக்கும்வரை வீட்டுப்பெண் சிரிப்பை இறக்கக்கூடாது. அது ஆன்ஸ்லியே போட்ட கட்டளை. அவளால் கத்த முடியவில்லை, முறைக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே வெந்தாள்.

அடுத்து நடந்ததை ஆன்ஸ்லி கனவிலும் எதிர்பார்த்திருக்க மாட்டாள். ஒரு வாரம் ஒத்திகை பார்த்த கால்கள். நேரம் ஆனதும் அவை தானாக நடந்தன. இடதுபக்கத்திலிருந்து கேம்பல் வந்தாள். ரெனியின் தோளைத் தொட்டாள். ரெனி எழுந்தாள். கேம்பல் உட்கார்ந்தபிறகுதான், அங்கே இருக்கவேண்டியவள் ரெனி அல்ல என்பதும் இந்தப் பெண் யாரென்று தனக்குத் தெரியாது என்பதும் அவளுக்கு உறைத்தது. உட்கார்ந்தாயிற்று, இனி எழ முடியாது.

கேம்பலின் அம்மாவும் அந்த வீட்டுக்காரி, அம்மாவைப் பெற்றவளும் அந்த வீட்டுக்காரி. மகாராணி மாதிரி நடப்பாள். ஜெஸமி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"காலு வலிக்குதா மேடம்?"

"என்னது?"

"நடையே சொல்லுது. அந்தச் செருப்பைக் கழட்டுங்க. என் பாவாடை நல்லா அகலம், கீழ தள்ளி விட்டுக்கங்க, ஒரு ஆளுக்கும் தெரியாது."

கேம்பல் ஒரு நொடி விறைத்தாள். பிறகு மெல்லச் செருப்பைக் கழற்றிப் பச்சைத் துணிக்கடியில் தள்ளினாள். அவள் விட்ட பெருமூச்சு ரெனிக்கே கேட்டது. அடுத்தவள் தோளைத் தொட்டபோது கேம்பல், "இரு, கொஞ்சம் இரு" என்றாள். அந்த வீட்டில் அப்படி யாரும் சொன்னதே கிடையாது.

அதற்குள் கண்ணாடிக் கதவு மறுபடி திறந்தது. பெத் தன் விருந்தாளியோடு நின்றாள், முகம் வெளுத்துப்போய். "எங்களுக்கும் வேர்க்குது" என்றாள். அவளுக்குப் பின்னால் மரிஸோல். அப்புறம் கேரி, டான்ஸி. தாழ்வாரம் காலி. கூடத்தில் இடம் போதாமல் தரையில் சம்மணம் போட்டார்கள். கால்கள் மட்டும் பழகின கணக்கில் மாறிக்கொண்டே இருந்தன. மணி அடித்து விருந்தாளிகள் வெளியேறும்போது ஜெஸமியோடு ஒன்பது பேர் பேசியிருந்தார்கள்.

வாசல் கதவு சாத்தியதும் ஆன்ஸ்லியின் சிரிப்பு தட்டு விழுந்த மாதிரி விழுந்தது.

"உனக்கு என்ன பைத்தியமா? நீதிபதி பொண்ணு முன்னாடி என் மானத்தை வாங்கிட்ட! ஒழுங்குக் குழு முன்னாடி நிறுத்துறேன் பாரு. இந்த மாசமே உன் அறையைக் காலி பண்ண வைக்கிறேன்."

ரெனி கணக்குப் போட்டாள். அறை போனால் வீடு போச்சு. வீடு போனால் அந்தப் போன்களும் போச்சு. ஒரு வருஷம் நாக்கைக் கடித்துக் கிடந்ததெல்லாம் வீண். மன்னிப்புக் கேட்க இன்னும் நேரம் இருந்தது. கேட்டால் ஆன்ஸ்லி செல்லம் என்று கன்னத்தைத் தட்டுவாள், தாழ்வாரத்துக்கு அனுப்புவாள்.

"நிறுத்து," என்றாள் ரெனி. கத்தரித்து எறிந்த ஊர்ப் பேச்சு எங்கிருந்தோ திரும்பி வந்திருந்தது. "தாராளமா நிறுத்து. குத்தம் என்னன்னு சொல்லுவ? வீட்டுக்கு வந்தவளைக் கூடத்துல உக்கார வெச்சேன், அதானே? சத்தமாச் சொல்லு, எல்லாரும் கேக்கட்டும்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பெத்.

"இப்ப மார்க்" என்றாள் ரெனி. "பேசினவங்க போடலாம். அதுதானே நம்ம முறை? ஜெஸமி கிராப்ட்ரீயோட ஒம்பது பேரு பேசியிருக்காங்க."

"அவ தாழ்வாரத்து ஆளு. கூடத்துக்காரங்க போடுற மார்க் செல்லாது."

"எந்த விதியில அப்படி இருக்கு, ஆன்ஸ்லி?"

கேட்டது கேம்பல். வெறுங்காலோடு படிக்கட்டில் உட்கார்ந்து குதிகாலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"பேசினவங்க போடலாம்னு விதி எழுதினதே எங்கம்மா. போன் போட்டுக் கேக்கட்டுமா? தாழ்வாரத்துக்கு யாரை அனுப்புறோம்னும் சேர்த்தே சொல்லட்டுமா?"

ஆன்ஸ்லி பெயர்ப் பட்டியலை எடுத்தாள். மார்க்கு விரலில்தான் காட்டுவார்கள், ஐந்துதான் உச்சம். ஜெஸமி பெயரைப் படித்ததும் ஒன்பது கைகள் உயர்ந்தன. ஐந்து, ஐந்து, ஐந்து என்று வரிசையாகப் போய் ஒரு கையில் மட்டும் நாலு விரல்.

"என் முடி வைக்கோல் மாதிரி இருக்குன்னு சொன்னா அவ" என்றாள் அந்தக் கைக்காரி. கொஞ்சம் யோசித்தாள். "நெசந்தான்." கட்டைவிரலையும் நீட்டினாள்.

தாழ்வாரத்துக்கு என்று ஒதுக்கப்பட்டவர்களில் இன்னும் மூன்று பேர் தேறினார்கள். எல்லாரும் தேறவில்லை. அந்தக் கோபம் ரெனிக்கு இன்னும் ஆறவில்லை. ஒழுங்குக் குழுவைக் கூட்ட ஆன்ஸ்லி முயன்றாள். ரெனியை நிறுத்தினால் நாங்களும் வந்து நிற்போம் என்று பதினேழு பேர் சொன்னதும் அந்தப் பேச்சை விட்டுவிட்டாள்.

அழைப்பு நாள் வந்தது. மைதானத்தில் பெண்கள் ஒரே சமயத்தில் உறையைக் கிழித்துப் பார்த்து, தங்களை அழைத்த வீட்டை நோக்கித் தெருவெல்லாம் கூச்சலிட்டுக்கொண்டு ஓடுவார்கள். அந்தந்த வீட்டு வாசலில் சங்கப் பெண்கள் கையை விரித்து நிற்பார்கள். வெள்ளைத் தூண் வீட்டிலும் நின்றார்கள். நிற்கும் வரிசை மட்டும் இன்னும் ஆன்ஸ்லி கையில்தான் இருந்தது. முதல் வரிசை நடுவில் அவள். ரெனி ஆகக் கடைசியில், தூணுக்குப் பின்னால்.

தெருமுனையில் பச்சைப் பாவாடை திரும்பியது. ஜெஸமி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, காது சிவக்க ஓடிவந்தாள். ஆன்ஸ்லி, புகைப்படம் எடுக்க வந்திருந்தவன் பக்கம் முகத்தைத் திருப்பிக் கையை விரித்தாள். ஜெஸமி அந்தக் கைக்குக் கீழே குனிந்து நுழைந்து, வரிசையைப் பிளந்துகொண்டு, தூணுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"என்ன மேடம் இது? மறுபடியும் பின்னாலயா?"

"ரெனின்னு கூப்பிடு. நான் உனக்கு மேடம் இல்ல."

"சரி ரெனி, வா முன்னால." இழுத்த இழுப்பில் ரெனியின் கால் தரையில் பாவவில்லை.

அதே நேரம் வீட்டைச் சுற்றிக்கொண்டு பெத்தும் மரிஸோலும் எதையோ தூக்கி வந்தார்கள். மஞ்சள் மெத்தை போட்ட பிரம்பு சோபா. கேம்பல் ஓடிப்போய் ஒரு முனையைப் பிடித்தாள். முதல் வரிசைக்கும் முன்னால், தூண்களுக்கு நேர் நடுவில், புல்லில் இறக்கினார்கள். "ஆன்ஸ்லி செல்லம்," என்றாள் பெத், "கொஞ்சம் தள்ளிக்க." ஆன்ஸ்லி தள்ளிக்கொண்டாள்.

ரெனி நடுவில் உட்கார்ந்தாள். ஒருபக்கம் ஜெஸமி, மறுபக்கம் டான்ஸி, முதுகில் கேரி, மடியில் யார் யாரோ. பிரம்பு கிறீச்சிட்டது. படம் எடுக்கிறவனுக்கு யாரையும் சிரிக்கச் சொல்லத் தேவைப்படவில்லை.

அந்த நெரிசலிலேயே ரெனி போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டாள்.

"என்னடி அங்க இவ்வளவு சத்தம்? எங்க இருக்க, தாழ்வாரத்துலயா?"

"இல்லம்மா," என்று கத்தினாள் ரெனி. "வாசல்ல. நட்ட நடுவுல!"