பெட்டியோடு போன அல்லிகள்

மனோன்மணி கடைசிப் பூவைச் சவப்பெட்டியின் கறுப்புத் துணியில் குத்திக்கொண்டிருந்தபோதுதான் தேவசுந்தரி பார்த்தாள். வெள்ளைக் காகித அல்லிகள். உள்ளே படுத்திருக்கும் அவள் புருஷன் ஜெபரத்தினம் தன் கையால் மடித்தவை.

“ஐயோ, இத எங்கருந்துடி எடுத்தே?”

“பாவா மேசைலதான்க்கா. கடத்தெருவுல ஒரு முழம் பூ கெடைக்கல. ஆடிக் கிருத்திக இல்ல? எல்லாம் காவடியோட மலைக்குப் போயிகினு இருக்குது. பெட்டிய மொட்டையாவா அனுப்புறது?”

கொழுந்தன் பெண்டாட்டி அவள்; ஜெபரத்தினத்தைப் ‘பாவா’ என்றுதான் கூப்பிடுவாள். அந்தப் பூக்கள் எதற்கென்று அவளுக்கு எப்படித் தெரியும்? யுத்தத்துக்கு முன்னால் பினாங்கில் டிராயிங் வாத்தியாராக இருந்தபோது, பக்கத்து வீட்டு ஜப்பான்காரம்மாவிடம் ஜெபரத்தினம் கற்றுவந்த வித்தை. வாத்தியார் இல்லாமலே யாரும் கற்கும்படி அதைப் புத்தகமாகவும் எழுதிவிட்டார். ஜப்பானியக் கலைப் புத்தகங்கள் போடும் மதராஸ் பதிப்பகம் ஒன்று, ஓர் அத்தியாயமும் மடித்த பூவும் மாதக் கடைசிக்குள் வந்தால் பார்க்கிறோம் என்றது. கடிதம் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார் மனுஷன். தபாலில் சேர்க்கத்தான் மூச்சு மிஞ்சவில்லை.

கொழுந்தன் வில்சனுக்கு விஷயம் தெரியும். “ஒண்ணு ரெண்டு எடுத்துக்கட்டுமா அண்ணி?” என்று குண்டூசியில் கை வைத்தான்.

ஊர்ப் பூவெல்லாம் மலையேறிவிட்ட நாளில், கைப்பூவோடு போகிறவரிடம் பிடுங்குவதா? அவளுக்கு மனசு வரவில்லை.

“வேணாம். அவரோடயே போவட்டும்.”

சொன்ன பிறகுதான், புத்தகமும் கூடவே குழிக்குள் போகிறதே என்று உறைத்தது. அதற்குள் பாதிரியார் ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் காலை அவள் அந்த மேசையில் உட்கார்ந்தாள். ‘இந்தக் காகிதக் குப்பையக் கூட்டி மாளல’ என்று வருஷக்கணக்காக அவள் கத்திய அதே மேசை. அவள் கைக்கும் மடிப்புக்கும் ஏழாம் பொருத்தம். சேலைக் கொசுவமே ஒழுங்காக நிற்காது. அத்தியாயத்தைப் பார்த்துப் பார்த்து மடித்தாள். காகிதம் கசங்கியது. வேறொன்று எடுத்தாள். அது கிழிந்தது. அழுகை வந்தது, அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு படத்துக்குக் கீழிருந்ததை வாசித்தாள்.

‘இந்த இடத்தில் எல்லாருக்கும் தவறும். பிரித்துவிட்டு மறுபடி மடியுங்கள். காகிதம் கோபித்துக்கொள்ளாது.’

“ஆங், பேச்சுக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல” என்றாள், அவர் எதிரே இருப்பதைப்போல.

பிரித்தாள். மறுபடி மடித்தாள். வெயில் ஏறுவதற்குள் உள்ளங்கையில் ஓர் அல்லி விரிந்தது, ஓர் இதழ் மட்டும் நீண்டுகொண்டு.

வில்சன் சைக்கிளோடு வந்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “கோணலா இருக்குதே அண்ணி. அனுப்பினா சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும். கடுதாசிக்குக் கீழ ஒரு வரி எழுது. இத மடிச்சது அவரு இல்ல, காகிதத்தத் தொட்டே பழக்கமில்லாத அவரு பொஞ்சாதி, இந்தப் புத்தகத்தப் பாத்து மடிச்சான்னு எழுது.”

வில்சன் மேசையிலிருந்த கடிதத்தை எடுத்தான். பிறகு பேனாவைத் திறந்தான்.

பஞ்சு வைத்த அட்டைப்பெட்டியில் அல்லி போனது. சைக்கிள் மணிச்சத்தம் மலையிறங்கி வரும் கூட்டத்தில் கலந்து மறைந்தது. தேவசுந்தரி பழைய காலண்டரில் ஒரு தாளைச் சதுரமாகக் கிழித்துக்கொண்டு மேசைக்கு வந்தாள்.

அடுத்த அத்தியாயத்தில் தவளை இருந்தது.