காலனிக்குப் போன நிழல்

1959 சித்திரையில் உத்திரமேரூர் பஜார்ப் பூங்காவின் மரங்களெல்லாம் தங்கள் நிழலை அரை மைல் தள்ளியிருந்த காலனியில் போடத் தொடங்கின. அந்த வாரம் புளி விலை ஏறியிருந்ததால், ஊர் முதலில் இதைக் கவனிக்கவில்லை.

பூங்காவுக்குத் திட்டம் போட்ட கமிட்டிக்காரர்கள் சிமெண்டு பெஞ்சு, ரேடியோ, பூவரசு, வேம்பு என்று எல்லாவற்றையும் யோசித்தார்கள். தோட்டக்காரன் எல்லப்பன் காலனி ஆள், பஜார்க் கிணற்றைத் தொட முடியாது என்பதை மட்டும் மறந்துவிட்டார்கள். ஐந்து வருடமாக அவன் காலனிக் கிணற்றுத் தண்ணீரைத்தான் காவடி கட்டிச் சுமந்து ஊற்றினான். காலனியிலோ மரமே கிடையாது. மரம் வைத்தால் மனைக்கு உரிமை கேட்பார்கள் என்று நிலக்காரர்கள் ஒரு முருங்கைக் கொம்பைக்கூட நட விடவில்லை. இப்போது அந்தப் பொட்டல் தரையில் இலை நிழல் ஆடியது. எல்லப்பன் வீட்டின் மேல் ஒரு பூவரசு நிழல் விழுந்தது. வேர்க்குருவால் ஓயாமல் அழுதுகொண்டிருந்த அவன் கைக்குழந்தை அன்றுதான் கண்ணயர்ந்தது.

கமிட்டித் தலைவர் வேதகிரி அவனைக் கூப்பிட்டார். “இன்னாடா, மரம் இங்க கீது, நெயலு எங்கடா போச்சு?”

“எனுக்கு இன்னா சாமி தெரியும்? தண்ணி ஊத்தறது மட்டுந்தான் என் வேலை.”

ஆடி பிறப்பதற்குள் நிழல் திரும்பாவிட்டால் வேலை கிடையாது என்றார் அவர். எந்தச் சாமியிடம் என்ன வேண்டுவது என்றே எல்லப்பனுக்குப் புரியவில்லை. பூங்காவுக்கு எதிர்க் கடைக்காரர் மீரான் மைதீன்தான் பாவம் பார்த்து, “அந்தத் தண்ணியக் குடிச்சி வளந்ததுப்பா, அதான் அங்க போவுது. எங்க கடைப் பின்னால இருக்கற கெணத்துல மொண்டு ஊத்திப் பாரு, நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன்” என்றார். ஊற்றினான். சில நாளில் ஒரே ஒரு பூவரசின் நிழல் பூங்காவுக்குத் திரும்பியது. எல்லப்பன் பூரித்துப்போய் வீட்டுக்கு ஓடினான்.

“கொயந்த வெயில்ல துடிக்குது, நீ இன்னாத்துக்குச் சிரிச்சிக்கினு வர?” என்றாள் அவன் மனைவி தேவகி.

திரும்பியது அவன் வீட்டு நிழல்தான். மறுநாள் அவன் காலனிக் கிணற்றுக்கே காவடியோடு போனான். வேலை போய்விடும் என்று தெரியும். ஆனாலும் ஊற்றினான். சாயங்காலத்துக்குள் நிழல் கூரைமேல் வந்துவிட்டது.

ஆடி முதல் தேதி, வேலையை விட்டு நீக்க வேதகிரியே குடை பிடித்துக் காலனிக்கு வந்தார். அதற்குமுன் அவர் அங்கே கால் வைத்ததில்லை. பூவரசு நிழலில் நின்று வியர்வையைத் துடைத்தார், குடையை மடக்கினார், வந்த காரியத்தைச் சொல்லாமலே திரும்பிப் போனார். மறுநாள் கமிட்டியே வந்தது. ஆவணியில் சிமெண்டு பெஞ்சுகளும் மாட்டுவண்டியில் வந்து இறங்கின. பூங்கா காலனிக்கு மாற்றப்பட்டதாகவும், எல்லப்பன் இனி நிரந்தர வேலையாள் என்றும் தீர்மானம் போட்டார்கள்.

பெரியவர்கள் தன் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, இது வேலையா, வீடா, நிற்பதா, போவதா என்று புரியாமல் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றான் எல்லப்பன்.

“நம்ம வூட்டு வாசல்ல நீ இன்னாத்துக்கு நிக்கிற? குந்து” என்றாள் தேவகி.

வேதகிரி கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். எல்லப்பன் உட்கார்ந்தான்.