ரெண்டு நிமிஷம் ஜாஸ்தி

“செல்போன இதுல போட்டுட்டு உள்ள போ” என்று விஜயலட்சுமி பூக்கூடையை நீட்டினாள்.

பந்தல் வாசலில் நின்ற பாவாடைக்கு முதலில் விளங்கவில்லை. சென்னையில் பஸ் ஏறி, உளுந்தூர்பேட்டையில் இறங்கி வேறு பஸ் பிடித்து, அண்ணன் முகத்தைப் பார்க்க ஓடிவந்தவன் அவன். கண் இரண்டும் வீங்கிக் கிடந்தன. அடுத்த வீட்டு அத்தை சாவு வீட்டு வாசலில் கூடையோடு நிற்பாள் என்று அவன் நினைத்திருக்க மாட்டான்.

“இன்னாத்துக்கு அத்தை?”

“இன்னாத்துக்கா? உள்ள பொம்பளைங்க குந்திக்கினு இருக்காளுங்க. வாயத் தொறந்து அழுவணும் இல்ல? நீ புடிச்சிக்கினு போயி பாட்டுல போட்டுட்டின்னா?”

பிணத்தின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த இசைவாணி எழுந்து வந்தாள். செழியனுக்கு அடுத்து பிறந்தவள், பாவாடைக்கு மூத்தவள். இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது அவளுக்குப் புதிதில்லை.

“வுடுங்க அத்தை. எங்கண்ணன் செத்துக் கெடக்குறான்.”

“அதுக்குதாண்டி சொல்றன். அவனுக்கு அழுவ ஆளு வாணாமா?”

பாவாடை போனை எடுத்துக் கூடையில் போட்டான். விஜயலட்சுமி அவன் பையை ஒரு பார்வை பார்த்தாள். அவன் இன்னொரு போனையும் எடுத்துப் போட்டான். எதிர்வீட்டு வாசலில் நின்றவர்கள், இரண்டு போன் வைத்திருக்கும் அளவுக்குப் பையன் பெரிய ஆளாகிவிட்டான் என்று பேசிக்கொண்டார்கள்.

பெரிய ஆள்தான். வீட்டில் குலதெய்வத்துக்கு வேண்டி வைத்த பெயர் பாவாடை. மேடையில் அவன் பெயர் ‘கல்வரா’. வீட்டு மாடியில் ஏறினால் கல்வராயன் மலை தெரியும், அதைத் தவிர மலைக்கும் அவனுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் அவன் போட்ட ‘அந்தாண்ட’ என்ற ராப் ஆல்பத்தைப் பற்றிப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. மண்ணின் குரல் என்றார்கள். தமிழ் ராப்புக்கே புது ரத்தம் என்றார்கள்.

அந்த மண்ணின் குரல் அவனுடையது இல்லை, அம்மாவுடையது. அப்பா செத்த அன்று கொளஞ்சியம்மாள் பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாள். அதை யாருக்கும் தெரியாமல் போனில் பிடித்துவைத்திருந்த பாவாடை, இரண்டு வருஷம் கழித்து அதற்கு டிரம்ஸ் போட்டு, நடுநடுவே தானும் பேசி, ஆல்பத்தில் மூன்றாவது பாட்டாக்கிவிட்டான். ஒப்பாரியில் சொல்லக்கூடாதது என்று ஒன்று உண்டா? திருக்கோவிலூரில் அப்பா வைத்திருந்த இன்னொரு வீட்டைக் கொளஞ்சியம்மாள் அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சொன்னாள்.

*ஆத்துக்கு அந்தாண்ட அடுப்பு மூட்டி*
*திருட்டுச் சோறு தின்ன ராசா…*

தெருவுக்குள் தெரிந்திருந்த விஷயம் தேசத்துக்கே தெரிந்தது. புருஷன் திருட்டுத்தனமாகப் பிரியாணி தின்பதை வீடியோ எடுத்துப் போடுகிற பெண்கள் எல்லாரும் இந்த வரியைத்தான் பின்னணியில் ஓட விட்டார்கள். கல்யாண வீட்டில் இதற்கு ஆடினார்கள். கொளஞ்சியம்மாள் ரேஷன் கடைக்குப் போனால் வரிசையில் பின்னால் நிற்கிற பயல் மெதுவாக “ராசா” என்று இழுப்பான். கேட்டால், “உன் பேர போட்டிருக்கேம்மா. குரல், கொளஞ்சியம்மாள்னு” என்றான் பாவாடை. பேர் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் போல.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. மூத்தவன் செழியனுக்குக் கருத்து சொல்லுகிற வியாதி.

கடை வீதியில் உரக்கடை வைத்திருந்தான். யூரியா மூட்டை மேல் உட்கார்ந்து, போனை எதிரே பூச்சிமருந்து டப்பாவில் சாய்த்து வைத்து, வெளிநாட்டு ராக் ஆல்பம், ராப் ஆல்பம் எல்லாவற்றுக்கும் யூடியூபில் மார்க்கு போடுவான். அவை எல்லாம் பெரிய பெரிய விமர்சகர்கள் கொண்டாடியவையாக இருக்க வேண்டும். யாரும் கொண்டாடாததைத் திட்டி என்ன பிரயோஜனம்? “உலகமே இந்த ஆல்பத்த கேட்டு அழுதுச்சாம். கிடார் சூப்பரு, ஒத்துக்கறன். ஆனா மனுசன் ஒரு மணி நேரம் ஒரே சோகத்துல குந்திக்கினு இருப்பானா? ரெண்டு பாட்டு ஜாஸ்தி. பத்துக்கு ஆறு.” அமெரிக்காவில் பரிசு வாங்கிய ராப் ஆல்பத்துக்கு, “ஆத்திரம் நெஜம், ஆனா சொன்னதையே சொல்லிக்கினு இருக்குறான்” என்று ஐந்தரை. நடுவில் யாராவது வந்து மக்காச்சோளத்துக்குப் புழு மருந்து கேட்டால் எடுத்துக் கொடுத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடருவான். தெருவில் அவனுக்குப் பெயரே ‘கருத்து’. பார்க்கிறவர்கள் என்னவோ கொஞ்சம் பேர்தான். ஆனால் அவன் நேர்மையை அவனே ரொம்ப மதித்தான்.

தம்பி ஆல்பம் வந்தபோது தெருவே காத்திருந்தது. செழியன் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

“எல்லாரும் தூக்கி வெச்சி ஆடுறாங்க. ஆடட்டும். தம்பிங்கறதுக்காவ நானும் ஆட முடியாது. சொந்தம் வேற, கருத்து வேற. மூணாவது பாட்டுல எங்கம்மா அழுவுறது மொதல்ல கேக்கும்போது ஒடம்பு சிலுத்துக்குது. அப்பறம் தாளம் தொய்யுது. கடைசில ரெண்டு நிமிஷம் ஜாஸ்தி. வெட்டியிருக்கணும். பத்துக்கு ஏழு.”

இதைக் கொளஞ்சியம்மாளுக்குப் போட்டுக் காட்டிய புண்ணியம் விஜயலட்சுமியைச் சேரும். சத்தத்தை முழுசாக வைத்துக் காட்டினாள். கொளஞ்சியம்மாள் கடைசிவரை கேட்டுவிட்டு, அன்று ஊருக்கு வந்திருந்த மகளிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: “ரெண்டு நிமிஷம்னா எவ்ளோ நேரம் வாணி?”

அதற்குப் பிறகு தெருவில் எத்தனையோ சாவு விழுந்தது. ஒப்பாரிக்கு முதல் வரி எடுத்துக் கொடுக்கிறவள் என்று சுற்றுவட்டாரத்தில் பெயர் எடுத்த கொளஞ்சியம்மாள், போய் மாலையைப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்தாள்.

இப்போது செழியன் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். நேற்று சாயங்காலம் நெஞ்சு கரிக்கிறது என்றிருக்கிறான். கேஸ் என்று நினைத்து சோடா வாங்கிக் குடித்திருக்கிறான். சங்கராபுரத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. வயது நாற்பதுகூட ஆகவில்லை. உச்சி வெயிலுக்கு முன்னால் எடுத்துவிட வேண்டும் என்று ஆண்கள் பந்தலில் பேசிக்கொண்டிருந்தார்கள். தலைமாட்டில் கொளஞ்சியம்மாள் கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். நேற்றிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை.

பெண்கள் கைகளைக் கோத்து வட்டமாக உட்கார்ந்தார்கள். விஜயலட்சுமி, கூடையை வேறொருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு வந்து, “ஐயோ என் கண்ணே…” என்று இழுத்தாள். அடுத்த வரிக்குக் கொளஞ்சியம்மாளைப் பார்த்தாள். வரவில்லை. எல்லாரும் மூக்கைச் சிந்தினார்கள். கையைப் பிரித்துக்கொண்டு, அவரவர் வெற்றிலையைத் தேடினார்கள். நல்ல சாவு ஒன்று இப்படி வீணாகிறதே என்று ஒருத்தி முகத்தில் எழுதியே இருந்தது.

செழியனின் மனைவி ராதிகா இரவெல்லாம் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தாள். இசைவாணியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“ரெண்டு வூடு வெச்சிருந்த மாமனாருக்கு அப்படி அழுதாங்க உங்கம்மா. எம் புருசன் இன்னா பண்ணிட்டான் வாணி? கருத்துதான சொன்னான்? பெத்தவ அழுவாத பொணம்னு பேரு வந்துடும். போயி சொல்லு.”

இசைவாணி அம்மாவுக்கு டீ கொடுக்கிற சாக்கில் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அம்மா, ஒரு வரி. அண்ணனுக்காவ.”

“ஜாஸ்தின்னு சொன்னான் இல்ல? இப்ப கம்மியா இருக்கட்டும்.”

“அது பாட்ட சொன்னாம்மா.”

“நான் பாட்டா பாடினன்? உங்கப்பன் செத்தான், அழுதன். அத பாட்டா ஆக்குனான் ஒருத்தன். அதுக்கு மார்க்கு போட்டான் ஒருத்தன். நல்லா பெத்தன்.” டீயை வாங்கிக் கீழே வைத்தாள். “போ, வந்தவங்கள கவனி.”

இரண்டடி தள்ளி நின்ற பாவாடை இதைக் கேட்டான். கேட்காத மாதிரி பந்தல் துணியைப் பார்த்தான்.

கண்ணாடிப் பெட்டியை வாடகைக்குக் கள்ளக்குறிச்சியிலிருந்து சின்னராசு கொண்டுவந்திருந்தான். பெட்டி எடுத்தால் ஸ்பீக்கர் இனாம். வெளியே வேப்பமரத்தடியில் வண்டிக்குள் காலை நீட்டிக் கிடந்தவனுக்கு, சாவு வீடு இவ்வளவு அமைதியாக இருப்பது தொழிலுக்கே அவமானமாகப் பட்டிருக்க வேண்டும். தன் போனைத் தட்டினான். எந்தச் சாவுக்குப் போனாலும் முதலில் போடுகிற பாட்டு. மாவட்டம் முழுக்க இதைத்தான் கேட்கிறார்கள். இந்த வீடு யார் வீடு என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

டிரம்ஸ் விழுந்தது. பிறகு குரல்.

*ஆத்துக்கு அந்தாண்ட அடுப்பு மூட்டி…*

வட்டத்தில் இருந்த பெண்கள் ஸ்பீக்கரையும் பார்த்தார்கள், கொளஞ்சியம்மாளையும் பார்த்தார்கள். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவளின் வாயிலிருந்தே வருகிற மாதிரி இருந்தது. விஜயலட்சுமிக்கே பொறுக்கவில்லை.

“ஏ கொளஞ்சி, ஒரு வாட்டியாவது வாய வுட்டு அழுடி.”

“அதான் அழுவுறனே. காதுல வுழல?”

பாவாடை ஓடினான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வண்டியை நோக்கிப் போனவனை அம்மாவின் குரல் பிடித்து நிறுத்தியது. நேற்றிலிருந்து அவள் உரக்கச் சொன்னது அது ஒன்றுதான்.

“வுடுடா. ஓடட்டும். பெரியவன் வெட்டச் சொன்ன எடம் இன்னம் வரல.”

அவன் நின்ற இடத்திலேயே நின்றான். பிரியாணி வீடியோக்களில் வரி இரண்டோடு முடிந்துவிடுகிற பாட்டு அது. அதற்கு மேல் ஓடினாலும் யார் காது கொடுத்துக் கேட்டார்கள்? இசைவாணியே கேட்டதில்லை. வீட்டில் கேட்டவர்கள் மூன்று பேர்தான்: போட்டவன், மார்க்கு கொடுத்தவன், அழுதவள்.

பாவாடையின் ராப் முடிந்தது. டிரம்ஸ் குறைந்தது. செழியன் சொன்னது சரிதான், தாளம் தொய்ந்தது. கொளஞ்சியம்மாள் மூச்சு வாங்குவது ஸ்பீக்கரில் கேட்டது.

*கடைக்குட்டி வெக்கற கொள்ளி எனக்கு வாணாம் ராசா*
*காத்தா சுத்துறவன் எந்தக் காட்டுல நிப்பானோ*
*எம் மூத்த மவன் கையால முள்ளு ஒண்ணு கொளுத்தினாலும்*
*மொகம் மலந்து வேவுவன், நீ முன்னால போ ராசா…*

தாய்க்குக் கடைசிப் பிள்ளை கொள்ளி வைப்பதுதான் அந்தப் பக்கத்து வழக்கம். அதையும் மாற்றிக் கேட்டிருக்கிறாள். அதே நாலு வரி, திரும்பவும், திரும்பவும். பெட்டிக்குள் மூத்த மகன் மூக்கில் பஞ்சோடு கிடந்தான். கடைக்குட்டி வண்டிக்கும் பந்தலுக்கும் நடுவில் தலைகுனிந்து நின்றான். தன்னை வேண்டாம் என்று அம்மா சொன்னதைத் தானே டிரம்ஸ் போட்டு ஊருக்குக் கொடுத்தவன் அவன். அதை வெட்டச் சொன்ன அண்ணன், தாளத்துக்காகத்தான் சொன்னானா, தம்பிக்காகச் சொன்னானா என்று இனி யாரிடம் போய்க் கேட்பது? ராதிகா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

இரண்டு நிமிஷம் என்றால் எவ்வளவு நேரம் என்று தெருவுக்கு அன்று தெரிந்தது.

பாட்டு முடிந்ததும் சின்னராசு வண்டியைவிட்டு இறங்கி வந்து, “இன்னாங்க, அடுத்தது பக்திப் பாட்டா போடவா?” என்றான். கொளஞ்சியம்மாள் தரையில் கையை ஊன்றி எழுந்தாள்.

“தூக்குங்க. வெயில் ஏறுது.”

செழியனுக்குப் பிள்ளை கிடையாது. கொள்ளிச்சட்டி பாவாடையின் கைக்கு வந்தது. முன்னால் நடந்தவன் ஒருமுறை திரும்பி அம்மாவைப் பார்த்தான். அவள் பாடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெருமுனையில் பெண்கள் நின்றுவிட்டார்கள். மேளச்சத்தம் கரும்புக் காட்டைத் தாண்டிக் கரைந்தது. திரும்பி வரும்போது விஜயலட்சுமி ரொம்பத் தணிந்த குரலில் ஒருத்தியிடம் சொன்னாள், “கடைசி வரைக்கும் அழுவல பாத்தியா? நெஞ்சழுத்தம்.”

பின்கட்டில் பெண்கள் ஒவ்வொருத்தியாகத் தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரப்புடவையோடு வெளியேறினார்கள். கடைசியாகக் கொளஞ்சியம்மாள் தோய்க்கிற கல்லின் மேல் உட்கார்ந்தாள். ராதிகாவை உள்ளே படுக்க வைத்துவிட்டு இசைவாணி வந்தாள். குழாயடியில் அண்டா நிரம்பிக்கொண்டிருந்தது. சொம்பில் மொண்டு அம்மாவின் தலையில் ஊற்றினாள். இன்னொரு சொம்பு. முடி முகத்தில் ஒட்டிக்கொண்டது. அதை ஒதுக்கிவிடக் குனிந்தபோது அம்மாவின் உதடுகள் அசைவதைப் பார்த்தாள். சத்தம் இல்லை. ஒரு வரி முடிந்து மூச்சு வாங்கும்போது தோள் மட்டும் ஏறி இறங்கியது. மறுபடியும் உதடு அசைந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் விஜயலட்சுமி வீட்டுப் பின்கதவு திறந்திருந்தது.

இசைவாணி சொம்பைக் கீழே வைத்தாள். எட்டி, குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். அண்டா நிரம்பி வழிந்தது. தண்ணீர் விழுகிற சத்தம் பின்கட்டு முழுக்க நிறைந்தது. அவள் அதை மூடாமல் பக்கத்திலேயே நின்றாள்.