பதம் இறக்காத உளி

எஃகைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் கெட்டியாகும். ஆனால் வெறும் கெட்டி எதற்கும் உதவாது, அடித்தால் கண்ணாடி மாதிரி தெறிக்கும். மறுபடி இளஞ்சூடு காட்டி, முனை வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் எடுக்க வேண்டும். அதற்குப் பெயர் பதம் இறக்குவது. மைசூரில் ஒரு சாரட்டு வண்டிப் பட்டறையில் லிங்கப்பனுக்கு அதுதான் வேலை.

ஆயுத பூஜையன்று உலை எரியக் கூடாது. முந்தின நாளே மேஸ்திரி தொட்டையன் அணைக்கச் சொல்லிவிட்டார். ஓர் உளி மட்டும் தோய்த்தபடியே நின்றுவிட்டது. அதை ஒதுக்கினால் பூஜை வரிசை பல் விழுந்த மாதிரி இருக்கும். விஜயதசமிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று லிங்கப்பன் அதற்கும் சந்தனம் குங்குமம் இட்டுச் சாமி முன் வைத்தான். இருந்திருந்து இதிலா அழகு பார்க்க வேண்டும்!

விஜயதசமி காலையில் ஆளுக்கொரு கருவியை எடுத்து, நல்ல தொடக்கமாக ஓர் அடி அடிப்பது வழக்கம். கொள்ளேகாலத்திலிருந்து லிங்கப்பனோடு வேலைக்கு வந்த கருப்புசாமி அந்த உளியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பக்கத்தில் நின்ற லிங்கப்பன் வாயைத் திறந்தான். மேஸ்திரி எல்லார் முன்னாலும் மானத்தை வாங்குவாரே. ஓர் அடிதானே என்று மூடிக்கொண்டான்.

அந்த ஓர் அடியிலேயே முனை தெறித்தது. கருப்புசாமிக்கு இடது கண் போயிற்று.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவனைப் பார்க்க லிங்கப்பன் போனபோது, கருப்புசாமியின் மனைவி நாச்சம்மாள் துணிமூட்டையோடு வாசலில் அழுதுகொண்டிருந்தாள்.

"நோம்பு நாள்ல கறி ஆக்கிப் போட்டாளுங்ண்ணா. நானும் தின்னுட்டேன். அதான் ஆத்தா கண்ணப் புடுங்கிட்டா. இவ இனி இங்க வேண்டாம், அவங்கப்பன் ஊட்டுக்கே போகட்டும்," என்றான் கருப்புசாமி.

லிங்கப்பனுக்கு உடம்பெல்லாம் கூசியது. இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் தானும் ஒரு மனுஷனா?

"அவ மேல தப்பில்லப்பா. ஆத்தா மேலயும் இல்ல. அந்த உளிக்கு நான் பதம் இறக்கல. தெரிஞ்சேதான் பூஜைல வெச்சேன்."

நாச்சம்மாள் மூட்டையைக் கீழே வைத்தாள். கருப்புசாமி மிச்சமிருந்த கண்ணால் லிங்கப்பனைப் பார்த்தான்.

"நான் அத எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டப்ப, நீங்க பக்கத்துலதானுங்ண்ணா நின்னீங்க?"

"ஆமா," என்றான் லிங்கப்பன்.