பகலில் பார்க்காத வீடு

வீட்டை விற்றுவிடுவது என்று முடிவானதும் ஸ்டோர்கீப்பர் முதலில் ஆஸ்பத்திரியில் நீண்ட லீவுக்கு எழுதிக் கொடுத்தார். வீடு பார்க்க வருகிறவர்கள் பகலில்தான் வருவார்கள், கதவைத் திறந்துவிட ஆள் வேண்டாமா என்று புரோக்கரம்மா கேட்டிருந்தார். மனைவி இருந்தவரை அந்தக் கேள்விக்கே இடம் இருந்ததில்லை. தபால் வந்தாலும் குழாய் ரிப்பேர்காரர் வந்தாலும் கதவைத் திறக்க அவள் இருந்தாள்.

பெருநகரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மருந்துக் கிடங்கு அவர் பொறுப்பில் இருந்தது. தன் சம்பளத்துக்கு அந்த நகரத்தில் ஒரு குளியலறைகூட வாங்க முடியாது என்பது கல்யாணமான புதிதிலேயே அவருக்குத் தெரிந்துபோயிற்று. ரயிலில் இரண்டு மணி நேரம் தள்ளியிருந்த இந்த ஊரிலோ மாடியோடு தனி வீடே கைக்கெட்டும் விலையில் கிடைத்தது. இங்கே பாதிப் பேர் அப்படி வந்து சேர்ந்தவர்கள்தான். விடிவதற்குள் ஸ்டேஷனைப் பார்த்து ஓடுவார்கள். இருட்டிய பிறகு அதே வழியில் கால்களை இழுத்துக்கொண்டு திரும்புவார்கள். அவருக்குச் சனிக்கிழமையும் வேலை. வாரம் முழுக்க விட்ட தூக்கத்தை ஞாயிற்றுக்கிழமையில் பிடிப்பார். தெருப் பிள்ளைகள் அவருக்கு 'ஞாயிற்றுக்கிழமை மாமா' என்று பெயர் வைத்திருந்தார்கள். மனைவிதான் இதைச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாள். அவரும் கூடச் சிரித்தார்.

அவள் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. வாரத்தின் நடுவில் ஒரு மத்தியானம் சமையலறையில் விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. முதலில் பார்த்தது எதிர்வீட்டுத் தையல்காரம்மா. கிடங்குக்குள் போன் எடுக்காது. ஆள் மூலம் செய்தி வந்து, ரயில் பிடித்து, இவர் வாசலில் செருப்பைக் கழற்றியபோது எல்லாம் முடிந்து கூடம் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். தொலைதூரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த மகள் வந்து ஒரு மாதம் கூட இருந்துவிட்டுப் போனாள். அதற்கப்புறம், ஆளில்லாத வீட்டுக்கு எதற்கு இவ்வளவு தூரம் வந்து போகிறோம் என்று அவருக்கே தோன்றிவிட்டது. ஆஸ்பத்திரிப் பக்கமாகவே ஒரு அறை பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்.

புரோக்கரம்மா பேச ஆரம்பித்தால் ஒழுகுகிற கூரையும் காற்றோட்டமாகிவிடும். முதல் நாளே அவரைத் தனியாகக் கூப்பிட்டு எச்சரித்தார்.

"சார், அம்மா எங்க இறந்தாங்கன்னு யாராவது கேட்டா ஆஸ்பத்திரியிலன்னு சொல்லிடுங்க. நீங்க ஆஸ்பத்திரியிலதானே வேலை பாக்கறீங்க, பாதி உண்மைதான்."

முதலில் வந்தது ஓர் இளம் தம்பதி. பையனுக்குப் பெருநகரத்தில் வேலை, பெண் பள்ளிக்கூட ஆசிரியை. ஸ்டேஷனுக்கு எவ்வளவு தூரம் என்று மட்டும்தான் பையன் கேட்டான். ஸ்டோர்கீப்பருக்கு அந்தக் கேள்வி அல்வா சாப்பிட்ட மாதிரி இருந்தது. எந்தக் குறுக்குச் சந்தில் போக வேண்டும், எந்தப் பெட்டியில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும், எந்தப் பக்கம் உட்கார்ந்தால் முகத்தில் வெயில் அடிக்காது என்று மடை திறந்த மாதிரி சொன்னார்.

அந்தப் பெண் கேட்டதெல்லாம் வேறு. மாடி அறையில் மத்தியானம் வெயில் வருமா? மழைக்கு எந்த ஜன்னலில் சாரல் அடிக்கும்? பகலில் நாய் குரைக்குமா? இவர் ஒவ்வொன்றுக்கும் மென்று முழுங்கினார். வராது என்றார், வரலாம் என்றார், இந்த வருஷம் சரியாகக் கவனிக்கவில்லை என்றார். சொந்த வீட்டில் பரீட்சை எழுதித் தோற்கிற மாதிரி இருந்தது. மாடிப்படி திரும்புகிற இடத்தில் ஒரு சின்ன மர ஸ்டூல் கிடந்தது. அதைக் காட்டி, இது எதற்கு இங்கே என்று கேட்டாள். பூந்தொட்டி வைக்க என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தார்.

அவர்களுக்கு வீடு பிடித்துவிட்டது. இன்னொரு தரம் வருகிறோம் என்று சொல்லிப் போனார்கள். அடுத்த முறையாவது மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று அன்று சாயங்காலம் ஸ்டோர்கீப்பர் எதிர்வீட்டுக்குப் போனார். தையல்காரம்மா மெஷினை மிதித்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். மாடியில் மத்தியானம் வெயில் கிடையாது, நாலு மணிக்குமேல் கொட்டும். சாரல் சமையலறை ஜன்னலில்தான். நாய் தபால்காரரைப் பார்த்தால் மட்டும் குரைக்கும். கடைசியாக, போகிற போக்கில் கேட்கிற மாதிரி, ஸ்டோர்கீப்பர் ஸ்டூலைப் பற்றியும் கேட்டார்.

மெஷின் நின்றது.

"அத நான்தாண்ணே தூக்கிட்டு வந்து போட்டேன். அக்காவால ஒரே மூச்சுல மாடி ஏற முடியாது. கடைசி ஒரு வருஷமா அப்படித்தான். பாதியில உக்காந்து, மூச்சு வாங்கிட்டு, அப்புறம்தான் மிச்சப் படி ஏறுவாங்க."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"சொல்லக் கூடாதுன்னு எங்கிட்டயே சத்தியம் வாங்கிட்டாங்க. 'அவரே ரயில்ல செத்து சுண்ணாம்பாகி வர்றாரு, இது வேறயா'ன்னாங்க. உங்களுக்கு லீவு கிடைக்கறப்ப டாக்டரப் பாக்கலாம்னு இருந்தாங்க."

அவர் வீட்டுக்கு வந்து படியில் நின்றார். அந்த ஸ்டூலில் ஒருநாள் கால் இடறியிருக்கிறது. வழியில் எவன் இதைக் கொண்டுவந்து போட்டது என்று கத்தியிருக்கிறார். மடித்த துணி வைக்க என்று அவள் சொன்னாள். அதோடு மறந்துபோனது. தினமும் அவர் சாப்பிட்டு முடித்ததும், நீங்கள் போய்ப் படுங்கள், பாத்திரத்தைக் கழுவிவிட்டு வருகிறேன் என்பாள். தலையணையில் தலை பட்டதும் அவருக்குத் தூக்கம் வந்துவிடும். யோசித்து யோசித்துப் பார்த்தார். அந்தக் கடைசி ஒரு வருஷத்தில் அவள் மாடி ஏறியதை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

மறுநாளிலிருந்து அவர் எங்கும் போகவில்லை. பகலெல்லாம் வீட்டுக்குள்ளேயே இருந்தார். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போன பிறகு தெரு எப்படி அடங்கிப்போகும் என்று இத்தனை வருஷத்தில் முதல்முறையாகக் கேட்டார். எதிர்வீட்டுத் தையல் மெஷின் சத்தம் சமையலறை வரைக்கும் வந்தது. அவளுக்கு நாள் முழுக்க இதுதான் துணையாக இருந்திருக்கும். நாலு மணிக்கு மாடி அறையில் வெயில் கொட்டியது. கட்டிலில் அவள் படுக்கும் பக்கத்தில்தான் முதலில் விழுந்தது.

ஜன்னலை அளந்துகொள்ள அந்தப் பெண் கணவன் இல்லாமல் வந்தாள். புரோக்கரம்மா கீழே போனில் வேறு யாருக்கோ வேறு வீட்டை விற்றுக்கொண்டிருந்தார். மாடி ஏறும்போது ஸ்டோர்கீப்பர் திருப்பத்தில் நின்றுவிட்டார்.

"அன்னிக்கு நீ கேட்டியேம்மா, பூந்தொட்டின்னு சொன்னேன். அது பொய்."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். மூச்சு வாங்கியதையும், தனக்குத் தெரியாமல் போனதையும், சமையலறையில் எந்த இடத்தில் விழுந்தாள் என்பதையும். அந்தப் பெண் கேட்டுக்கொண்டே கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு, அவர் காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவார், திரும்பும்போது எத்தனை மணி ஆகும் என்று மெதுவாகக் கேட்டாள். சொன்னார். அளவெடுக்கும் டேப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வருகிறேன் சார் என்று இறங்கிப் போனாள்.

அடுத்த நாள் அவளே கூப்பிட்டாள்.

"வீட்டுல ஒரு குறையும் இல்ல சார். அம்மா அங்க இறந்ததுக்காகவும் இல்ல. எலிப்பொந்து மாதிரி இருந்தாலும் பரவால்ல, அவரு ஆபீஸ் பக்கத்துலயே வாடகைக்கு இருந்துக்கலாம்னு முடிவு பண்ணிட்டோம். தப்பா நினைக்காதீங்க."

அவர் தப்பாக நினைக்கவில்லை. புரோக்கரம்மாதான் வந்து குதித்தார். உண்மை சொல்லக் கோர்ட் இருக்கிறது, வீடு விற்கிற இடத்தில் அது எதற்கு என்று கேட்டார். கோபமெல்லாம் தணிந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்த பிறகு, தன் வீட்டுக்காரரும் அதே ரயிலில்தான் போய்வருகிறார் என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

கடைசியில் வீட்டை வாங்கியவர் ஒரு ஜவுளிக்கடைக்காரர். வாடகைக்கு விடுவதற்காக வாங்கினார். குழாயைத் திறந்து பார்த்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார், மாடிக்குப் போகவே இல்லை. கேள்வி எதுவும் கேட்கவில்லை. ஸ்டோர்கீப்பர் இந்த நாட்களில் தெரிந்துகொண்ட வெயிலும் சாரலும் யாருக்கும் வேண்டாததாகப் போயிற்று. அலமாரியையும் கட்டிலையும் பழைய சாமான் கடைக்காரர் ஏற்றிக்கொண்டு போனார். ஸ்டூலை மட்டும் தையல்காரம்மா கேட்டு வாங்கிக்கொண்டார். சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கியபோது தெருவில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளில் ஒருத்தி, இன்னிக்கு செவ்வாய்க்கிழமையாச்சே என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது அவர் காதில் விழுந்தது.

புது அறை ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒற்றை அடுப்பு. வேலை முடிந்து முதல் நாள் அறைக்கு நடந்து வந்தபோது வெளிச்சம் இன்னும் போகவில்லை. முகம் கழுவினார். சட்டையை அலசிப் போட்டார். காபி போட்டுக் குடித்தார். அப்போதும் வெளிச்சம் இருந்தது. இந்த நேரத்தில் மனிதர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. மகளைக் கூப்பிட்டார்.

"என்னப்பா, இந்த நேரத்துல? உடம்புக்கு என்ன?" பதறிப்போனாள்.

ஒன்றுமில்லை, வீட்டுக்கு வந்துவிட்டேன், அதனால்தான் கூப்பிட்டேன் என்றார். அறையைப் பற்றிச் சொன்னார். அடுப்பைப் பற்றிச் சொன்னார். பேச்சு தீர்ந்துபோன இடத்தில், இத்தனை நாள் நெஞ்சுக்குள்ளேயே வைத்திருந்ததைச் சொன்னார். உன் அம்மாவுக்கு ஒரு வருஷமாக மூச்சுத் திணறல் இருந்திருக்கிறது, எதிர்வீட்டில் சொல்லித்தான் எனக்கே தெரியும் என்றார்.

லைன் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் காதில் வைத்தார்.

"எனக்குத் தெரியும்பா," என்றாள் மகள். "அம்மா சொல்லியிருக்காங்க. டாக்டர்கிட்ட போங்கன்னு தினம் போன்ல சண்டை போட்டிருக்கேன்."

"நீயாவது எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

அவள் அழுதுகொண்டிருந்தாள். ஆனால் குரலில் கோபம் இல்லை. பதில் தெரியாத ஒன்றை உண்மையாகவே கேட்கிறவள் மாதிரிதான் கேட்டாள்.

"எப்பப்பா சொல்றது?"